நான்காம் எண் கல்

மார்ச் 4, திங்கள்

இன்று எங்கள் வீட்டு முன்னறையில் கூட்டம். வந்திருந்தவர்கள்: நான், இவர், பக்கத்து வீட்டு நாத்தனார் (இவருடைய அக்கா), நாத்தனாரின் கணவர் (என்றோ ஒரு வருடம் தெருச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், இன்றுவரை எல்லோருக்கும் தலைவர்தான்), மூலை வீட்டுத் தையல்காரர், மலைச்சரிவைப் பார்க்கிற அரசு அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் பெண். பூனையும் இருந்தது. அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தாள். ஒவ்வொன்றும் நிறைகுடம் கனம். பிறகு எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்குகிற ஓடையைப் பற்றிச் சொன்னாள். அதில் வருவது வெள்ளம் இல்லையாம். மழை பலமாகப் பிடித்தால் ஓடையில் கிடக்கிற மண், கல், விழுந்த மரம் எல்லாம் ஊறி ஒன்றாகக் கிளம்பி, கலந்து வைத்த கான்கிரீட்டைக் கவிழ்த்த மாதிரி இறங்குமாம். "பெரிய கல்லுங்கதான் முன்னாடி உருண்டு வரும். பின்னாடி சேறு தள்ளிக்கிட்டே இருக்கும்."

நாத்தனார் தன் கணவரைப் பார்த்து, "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் வேலை இது: ஓடை எவ்வளவு ஆபத்து என்று அளந்து, வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு நிறம் பூச வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை. மலையைச் சுற்றிப் பல ஓடைகள் இருக்கின்றன. எது அதிக ஆபத்தோ அந்த ஒன்றின் குறுக்கே இந்த வருடம் இரும்பு வலை கட்டுவார்கள். ஆனால் சிவப்பு பூசிய இடத்தில் மாடி எழுப்ப அனுமதி கிடையாது.

அங்கேதான் வந்தது வினை. நாத்தனார் மாடி கட்டப்போகிறார். படிக்கட்டுக் கைப்பிடிக்கு என்ன பெயின்ட் என்பதுவரை முடிவாகிவிட்டது. எனக்கோ வலை வேண்டும். முந்தின வருடம் சேறு பின்னறைக்குள் கட்டில் உயரம் வந்ததை நான் மறக்கவில்லை. இந்த மழைக்காலத்தில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்கு இருக்கிற ஒரே அறை அந்தப் பின்னறை.

ஆக, ஒரே கடவுளிடம் ஒட்டின சுவர் வீடுகள் இரண்டிலிருந்து இரண்டு மனு. நான் சிவப்பு கேட்கிறேன், அவர் பச்சை கேட்கிறார். கடவுளுக்கும் சங்கடம்தான்.

மார்ச் 6, புதன்

இன்ஜினியர் பெண்ணுக்கு டீ கொண்டுபோகிற சாக்கில் ஓடையில் ஏறிப் பார்த்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினால் நான் ஒன்றும் மோசமில்லை.

அவள் மரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் மட்டும் பட்டை உரிந்து தழும்பு இருந்தால், மேலிருந்து கல் வந்து இடித்தது என்று அர்த்தமாம். தழும்பு எவ்வளவு உயரமோ சேறு அவ்வளவு உயரம் வந்திருக்கும். ஒரு மரத்தில் தழும்பு என் தோளுக்கு நின்றது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

பிறகு பெரிய கற்களுக்கு மஞ்சள் பெயின்டில் எண் போட்டாள். மழைக்குப் பிறகு எது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்தால் ஓடையின் குணம் தெரியுமாம்.

என் கணக்கு நோட்டை வீட்டில் பார்த்திருக்கிறாள். "நீங்க தினமும் எழுதுவீங்களாம்மா? அப்போ இதையும் எழுதுங்க" என்று மழைமானியைக் கொல்லையில் நட்டுவிட்டாள். படித்த பெண் என்னை நம்பி ஒரு கருவியைத் தந்திருக்கிறாள். பால் கணக்குக்குப் பக்கத்துக் கட்டத்தில் மழைக் கணக்கு ஆரம்பம். நூலகத்தில் மழை பற்றி ஒரு புத்தகமும் கேட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, சனி

மழை இல்லை. மழைமானியில் ஒரு எறும்பு.

மார்ச் 12, செவ்வாய்

மழை இல்லை. இவருக்கு இடுப்புப் பிடிப்பு. தலையணை மாற்றிப் போட்டதால் என்கிறார். தலையணைக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது ஜன்னல் வழியாகத் தலைவரைப் பார்த்தேன், அவரும் நொண்டிக்கொண்டு போனார். இருவருக்கும் ஒரே தலையணையா?

மார்ச் 13, புதன்

மழை, பன்னிரண்டு மில்லிமீட்டர். பருவம் தப்பிய தூறல். துணி நனைந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 14, வியாழன்

இன்ஜினியர் பெண் ஓடையிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். நான்காம் எண் கல்லைக் காணவில்லை.

மற்ற கற்கள் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கின்றன. இது மட்டும் இல்லை. கீழே ஆறுவரை தேடிவிட்டு வந்திருக்கிறாள். "பன்னிரண்டு மில்லிமீட்டருக்கே அந்தக் கல்லு கண்ணுக்குத் தெரியாம போயிருக்குன்னா, நிஜமான மழை வந்தா என்னம்மா ஆகும்?" தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள். வேகம், அளவு, மோதும் பலம். ஒவ்வொரு வரி முடிந்ததும் "ஐயோ" என்றாள்.

போகும்போது, சிவப்புதான் என்றாள். நல்ல சிவப்பு.

சாமி முன்னால் போய் நின்று நன்றி சொன்னேன். கேட்டதைக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் தாராளமாகவே.

மார்ச் 17, ஞாயிறு

வழக்கம்போல நாத்தனாரும் நானும் சேர்ந்து கும்பிடப் போனோம். இன்னும் அவருக்குச் சிவப்பு விஷயம் தெரியாது. பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பச்சை கேட்டுக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, ஆனால் அதற்காக என் வேண்டுதலை நான் வாபஸ் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் வீட்டுக் கொல்லை வழியாக வந்தோம். துவைக்கிற இடத்தில் புதுக் கல். நல்ல பெரிய, வழவழப்பான, ஒருபக்கம் சாய்ந்த கல். "எப்படி இருக்கு? உன் வீட்டுக்காரனும் இவருமா சேர்ந்து கொண்டுவந்து போட்டாங்க. துணி பூ மாதிரி வெளுக்குது" என்றார்.

குனிந்து பார்த்தேன். சோப்பு நுரைக்குக் கீழே, மண்ணைத் தொடுகிற ஓரத்தில், மஞ்சள் பெயின்ட்.

வெயில் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதே நாள், மாலை

இவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் தலையணை என்றே சாதித்தார். பிறகு உண்மை வந்தது. எண் போட்டிருந்ததால் அலுவலகம் லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறது என்று தலைவர் சொன்னாராம். போவதற்கு முன்னால் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று கடப்பாரை, தள்ளுவண்டி எல்லாம் கொண்டுபோய் இருவரும் உருட்டி வந்திருக்கிறார்கள். வேறு கல் எடுத்தால் என்ன என்று கேட்டேன். "நாலாம் நம்பர்தான் துவைக்க வாகா இருந்துச்சு" என்றார். எல்லாக் கல்லிலும் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம்.

"அந்தப் பொண்ணு கல் தானா போச்சுன்னு நினைச்சு ஊரையே சிவப்பாக்கிட்டிருக்கா" என்றேன்.

இவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். "சிவப்பானா நமக்கு வலை வருமா?"

"வரும்."

"அப்போ பேசாம இரு."

இந்தக் குடும்பத்தில் முதன்முறையாக இவர் ஒரு யோசனை சொல்கிறார், அதுவும் இப்படி.

மார்ச் 19, செவ்வாய்

மழை இல்லை. நான் பொய் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய்யா?

ஓடை ஆபத்தில்லை என்றா நான் சொல்கிறேன்? மரத்தில் தழும்பு தோள் உயரம் இருக்கிறது. என் கட்டிலில் சேறு இருந்தது. ஆபத்து நிஜம். கல் மட்டும்தான்—

சரி.

மார்ச் 22, வெள்ளி

பிரார்த்தனையில் "அறிந்தும் அறியாமலும் செய்த" என்ற இடம் வந்ததும் இருமல் வந்துவிட்டது. "அறியாமலும்" என்ற சொல்லை மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

மார்ச் 26, செவ்வாய்

கேட்டுவிட்டாள்.

மழைக் கணக்கைப் பார்க்க வந்தவள், நோட்டை மூடிவிட்டு, "ஓடையில வேற ஏதாவது கவனிச்சீங்களாம்மா? யாராவது வந்து போனது, எதுவா இருந்தாலும்" என்றாள்.

"மழை பன்னிரண்டு மில்லிமீட்டர்தாம்மா" என்றேன்.

அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டது இன்னும் மோசமாக இருந்தது.

மகள் போனில் பேசினாள். பின்னறையில் ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன். இது உண்மை.

ஏப்ரல் 5, வெள்ளி

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

இன்ஜினியர் பெண் முன்னறையில் வரைபடத்தை விரித்தாள். எங்கள் வீடு, நாத்தனார் வீடு, தையல்காரர் வீடு, மூன்றும் ஒரே சிவப்பு. பன்னிரண்டு மில்லிமீட்டருக்கே அப்படிப்பட்ட கல்லைத் தூக்கிக்கொண்டு போகிற ஓடையை வலை தாங்காதாம். அதற்கு அணை மாதிரி பெரிய கான்கிரீட் தடுப்பு வேண்டும். அதைக் கட்ட வழியில்லை. ஆகவே அலுவலகம் யோசிப்பது: வலை வேண்டாம், ஆட்களையே மழைக்காலத்துக்கு முன்னால் நிரந்தரமாகக் காலி செய்துவிடலாம்.

வலை கேட்டேன். வீட்டையே எடுத்துக்கொள்கிறார்கள்.

நாத்தனாருக்கு விஷயம் இப்போதுதான் தெரியும். கத்தவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. மடியில் வைத்திருந்த மாடிப் படத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார், சுருட்டி முடிந்த பிறகும். தையல்காரர், தைத்து முடிக்காத துணிகளை எங்கே கொண்டுபோவது என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் அழுகிற மாதிரி இருந்தாள். "வேற வழி இருந்தா சொல்ல மாட்டேனா?" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது சொன்னால் அது உண்மைக்காகவா, வீட்டுக்காகவா? மார்ச் பதினேழில் சொல்லியிருந்தால் புண்ணியம். இப்போது வெறும் காரியம். இருந்தாலும் காரியத்துக்காகவாவது சொல்லித் தொலைக்க வேண்டும். புண்ணியக் கணக்கில் எழுத வேண்டாம், சில்லறையில் எழுதிக்கொள்ளுங்கள் சாமி.

ஏப்ரல் 6, சனி

காலையிலேயே போன் செய்து அவளை வரவழைத்தேன். "ஒரு கல் பார்க்கணும்மா" என்று மட்டும் சொன்னேன். கொல்லை வழியாக நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நாத்தனார் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். கோபத்தை எல்லாம் போர்வையில் காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கல்லைக் கொஞ்சம் திருப்பணும்."

"சோப்பு போட்டிருக்கேன், இரு."

"இப்பவே திருப்பணும்க்கா."

இவரையும் தலைவரையும் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்தார்கள். வந்த விதத்திலேயே குற்றவாளிகள் என்று தெரிந்தது. கல் புரண்டது. நுரை வழிந்தது. மஞ்சள் பெயின்டில் நான்கு, அந்தப் பெண்ணின் கையெழுத்தில், தெளிவாக.

அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "இதை நான் ஆறுவரைக்கும் போய்த் தேடினேன்" என்றாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பதறி முந்தானையை நீட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். தலைவர் லாரி, எண், முன்ஜாக்கிரதை என்று விளக்க ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள், மேலும் சிரிப்பு வருகிறது என்று.

நாத்தனார் சிரிக்கவில்லை. அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. முகத்தில் பார்த்தேன்.

"அப்போ என் வீட்டைச் சிவப்பாக்கினது என் துவைக்கிற கல்லா?"

"ஆமாங்க" என்றாள் அந்தப் பெண்.

நாத்தனார் கணவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்து நின்றார். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"பதினேழாம் தேதியிலேர்ந்து."

"இத்தனை நாளும் தெரிஞ்சுக்கிட்டேதான் என் பக்கத்துல நின்னு கும்பிட்டியா?"

"ஆமாக்கா."

"என்ன கேட்டே?"

"சிவப்பு."

நாத்தனார் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "பிடி. பிழியணும்" என்றார். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கினோம். என்னை முறுக்குகிற மாதிரிதான் முறுக்கினார். சரிதான், வாங்கிக்கொண்டேன்.

கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொண்டுபோனார்கள். மலை ஏற்றம் வேறு. தைலம் இந்த முறை நான் தேய்க்கவில்லை, பாட்டிலை மட்டும் பக்கத்தில் வைத்தேன்.

போகும்போது அவளிடம், மழைமானியை எடுத்துக்கொண்டு போம்மா, நான் அதற்குத் தகுதியில்லை என்றேன். அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. ஆனா நான் ஒண்ணு கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லணும்."

கோபமாகச் சொல்லியிருக்கலாம். தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 17, புதன்

நாத்தனார் பேசுவதில்லை. கும்பிடப் போகும்போது மட்டும் கூட வருகிறார், பேசாமல். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விடுகிறார்.

இப்போது கவலை வேறு. நான்காம் கல் கணக்கிலிருந்து போனபிறகு எங்கள் ஓடையின் ஆபத்து இறங்கிவிட்டது. கிழக்குப் பக்கத்து ஓடை முந்திவிடும் போலிருக்கிறதாம். அப்படியானால் வலை அங்கே போய்விடும். நியாயம்தான். நியாயம் என்று எழுதும்போது கை வலிக்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

தையல்காரர் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்ட ஆரம்பித்திருந்தார். வேலையாட்கள் கல் அதிகம் என்று கூலி கூட்டிக் கேட்க, அவர் சண்டை போட, அந்தப் பக்கம் போன இன்ஜினியர் பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் குழிக்குள்ளேயே குதித்துவிட்டாள்.

கூப்பிட்டுக் காட்டினாள். குழியின் சுவரில் மண், அதற்குக் கீழே கல்லும் சேறும் கெட்டியாகக் கலந்த ஒரு அடுக்கு, திரும்ப மண், திரும்ப அதே மாதிரி அடுக்கு. இப்படி மூன்று. ஒவ்வொரு அடுக்கும் என்றோ ஒருநாள் ஓடை இங்கேவரை இறங்கி வந்த அடையாளம். யாரும் உருட்டிக்கொண்டு வந்தது இல்லை. இதை நான் தலைவரிடம் இரண்டு முறை உறுதி செய்துகொண்டேன்.

அவள் அளந்தாள், படம் எடுத்தாள், மண்ணைப் பையில் போட்டாள். தையல்காரர் கவலையாகக் கேட்டார், குழியை மூட வேண்டுமா என்று. "இப்போதைக்கு யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள். சொல்லும்போது எங்கள் வீட்டு ஆண்களைத்தான் பார்த்தாள்.

மே 10, வெள்ளி

புது வரைபடம். சிவப்பு சுருங்கிவிட்டது. எங்கள் பின்னறை, நாத்தனாரின் சமையலறையும் துவைக்கிற இடமும், தையல்காரரின் குழி. மற்றதெல்லாம் மஞ்சள். யாரும் காலி செய்ய வேண்டாம். தழும்பும் மூன்று அடுக்கும் சேர்ந்து எங்கள் ஓடையை முதலிடத்தில் வைத்துவிட்டன. வலை தாங்கும், வலை உண்டு.

நாத்தனார் டேப்போடு வந்தார். சிவப்புக் கோட்டிலிருந்து வாசல்வரை தானே அளந்தார். "படிக்கட்டு மஞ்சள்லதான் வருது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஆகவே "ஆமாக்கா" என்றேன். வீட்டின் முன்பாதிக்கு மட்டும் மாடி. பார்க்க, தொப்பி முன்னால் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். அதை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வலை வேலை நடக்கிறது. இரண்டு கரையிலும் பாறையில் துளை போட்டு நீளமான இரும்புக் கம்பிகளை இறக்கி, சிமென்ட் ஊற்றி, ஒவ்வொன்றையும் எந்திரத்தால் இழுத்துப் பார்க்கிறார்கள். ஒரு கம்பி கொஞ்சம் அசைந்தது. மேற்பார்வையாளர் அதை ஒதுக்கிவிட்டு வேறு துளை போடச் சொன்னார். எனக்குத் திருப்தி.

வலை என்றால் மீன் வலை மாதிரி நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்தது. அடியில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், சாதாரணத் தண்ணீர் போக. வலையைத் தாங்குகிற இரும்பு வடத்தில் ஆங்காங்கே சுருள் வைத்திருக்கிறார்கள். பெரிய அடி விழுந்தால் அந்தச் சுருள் விரிந்து கொடுக்கும், அறுந்துபோகாது. நாத்தனாரிடம் விளக்கினேன். "குடும்பத்துல ஒருத்தராவது அப்படி இருக்கணும்" என்றார். முழு வாக்கியம். ஏப்ரல் ஆறுக்குப் பிறகு இதுதான் நீளமானது.

செப்டம்பர் 26, வியாழன்

மழை, நாற்பத்தொரு மில்லிமீட்டர். வலையில் ஒரு கிளை மட்டும். மகள் வந்துவிட்டாள். பின்னறையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், "நான் முன்னறையிலயே படுத்துக்கறேன்" என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். கடவுளிடம் இந்த முறை நிறம் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

அலுவலகத்துக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா,

நேற்றுப் பகலில் மழைமானியில் நூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர். நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் ஓடை இறங்கியது. சரக்கு ரயில் வருகிற சத்தம். தரை அதிர்ந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பிறகு சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால், வலை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. எங்கள் பின்சுவரில் சேறு தெறிக்கக்கூட இல்லை. நாத்தனாரின் தாழ்வாரக் கொடியில் காய்ந்த துணி அப்படியே இருந்தது. கட்டிக்கொடுத்த உங்களுக்கும் எங்களுக்காக அலைந்த இன்ஜினியர் பெண்ணுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்போது வலை விளிம்புவரை நிரம்பி, நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. வடத்தின் சுருள்கள் பாதிக்கு மேல் விரிந்துவிட்டன. அடி இடைவெளியை ஒரு மரம் அடைத்திருக்கிறது. நிரம்பிய வலை அடுத்த முறை எதையும் பிடிக்காது என்று உங்கள் மேற்பார்வையாளரே என்னிடம் சொன்னார். இந்த வாரக் கடைசியில் மறுபடி மழை என்கிறார்கள்.

அதுவரை எங்கள் முன்னறையில் படுத்திருப்பவர்கள்: நான், என் கணவர், மகள், பதினைந்து நாள் குழந்தை, நாத்தனார், அவர் கணவர். நாத்தனாரும் இந்தக் கடிதத்தைப் படித்துக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கற்களை எடுக்க ஆளும் எந்திரமும் எந்த நாள் அனுப்புவீர்கள் என்று தெரிந்தால், நாங்கள் இங்கே இருப்பதா, போவதா என்று முடிவு செய்வோம்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதவும்.